சிப்பி நாறுகிறதா, சிரட்டை வெடிக்கிறதா, நட்சத்திரம் சாய்கிறதா?

எங்கள் வீட்டு மச்சுப்படிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டி கிடக்கிறது. அறுந்த சிப்பித் திரை, பிளந்த சிரட்டை விளக்கு, பூசணம் பிடித்த ஓலைப்பெட்டி, வால் முறிந்த சிரட்டை மீன் என்று நான் செய்து கெடுத்த கைவேலை எல்லாம் அதற்குள்தான். “இதையெல்லாம் தூக்கி அடுப்பில போடு பிள்ளே” என்று மைனி பத்துத் தடவை சொல்லியாயிற்று. நான் போடவில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இது ஏன் போச்சு என்று பார்த்துப் பார்த்துத்தான் கீழே உள்ளதெல்லாம் தெரியவந்தது. உங்கள் வேலையில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் தாண்ட வேண்டாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. மழை ஓய்ந்த நாளிலும் கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வரும். அதனால் இங்கே ஒரு பொருள் காய்ந்ததுபோலத் தோன்றும், காய்ந்திருக்காது. பெட்டியில் கிடப்பதில் முக்கால்வாசி அந்த ஈரத்தால் கெட்டவை. பழியை மட்டும் பசைமேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பொருளை ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். கவரின் உள்பக்கம் பனி படிந்ததுபோல மங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மங்காவிட்டால் வேலையைத் தொடங்கலாம். சிரட்டை, சிப்பி, ஓலை, வைக்கோல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மாசி, பங்குனி வெயிலிலேயே பொருளைச் சேர்த்துக் காயவைத்துக்கொண்டால் கார்த்திகை மழையில் திண்டாட வேண்டாம்.

சிப்பி நாறுகிறது

கடியப்பட்டினம், குளச்சல், இனயம் பக்கம் பாறையில் எடுக்கும் சிப்பியை அவித்துத் தின்ற வீட்டில் ஓடு சும்மா கிடைக்கும். உள்பக்கம் நீலமும் ஊதாவுமாக மினுங்கும். காசில்லாமல் இதைவிட நல்ல அலங்காரப் பொருள் கிடைப்பது கடினம். ஆனால் அவித்துவிட்டோமே, சுத்தம்தானே என்று நினைத்தால் மூன்றாம் நாள் வீடே நாறும்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று மோந்து பாருங்கள். பெரும்பாலும் மூன்றே இடம்தான். இரண்டு ஓட்டையும் பிணைக்கும் கறுப்பு நரம்பு. சிப்பி பாறையைப் பிடித்துக்கொள்ளும் நார். உள்ளே சதை ஒட்டியிருந்த இடத்தில் மிஞ்சிய மெல்லிய தோல். மூன்றையும் பழைய கத்தி முனையால் சுரண்டி எடுத்தாலே பாதி நாற்றம் போய்விடும். அப்புறம் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, கொதி வந்து பத்து நிமிடம் விடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் நேரே போட்டால் பளபளப்பான ஓடுகள், அதிலும் சோழி, சூட்டில் கீறிவிடும். ஆறியதும் நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறட்டும், தினமும் தண்ணீர் மாற்றுங்கள். பிறகு வெயில்.

சுருள் சங்குக்குள் ஆழத்தில் சதை சிக்கியிருந்தால் கம்பி வளைவால் சுற்றி இழுக்கலாம். வரவில்லையா, தோட்டத்து மண்ணில் வாய் கீழாகப் புதைத்து இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். எறும்பு பார்த்துக்கொள்ளும்.

கரையில் பொறுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பவளம், கடல்விசிறி, சில வகைச் சங்குகள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. செத்து ஒதுங்கியதுதானே என்று எடுத்துவந்து மாட்டக்கூடாது. உயிருள்ள எதையும் எடுக்காதீர்கள். தின்று போட்ட சிப்பியும் சாதாரணக் கிளிஞ்சலும் நம் வேலைக்குத் தாராளம்.

சிப்பியின் மினுக்கம் போய் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது

வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தீர்களா? அதுதான் காரணம். சிப்பி ஓடு சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் நுரைத்துக் கரையும். கரைந்தது திரும்ப வராது. மேலே தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தேய்த்தால் நிறம் கொஞ்சம் எழும், அவ்வளவுதான். பாசிக் கறை போக வேண்டுமானால் பிளீச்சில் சம அளவு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் போதும். பிளீச்சும் வினிகரும் ஒரே பாத்திரத்தில் சேரவே கூடாது, விஷப் புகை கிளம்பும்.

ஓட்டின்மேல் வெள்ளைப் பொடி பூத்து, துடைத்தால் போய் மறுபடி வந்தால் அது வெறும் கடல் உப்பு. நல்ல தண்ணீரில் இன்னும் சில நாள் ஊறட்டும்.

துளை போட்டால் ஓடு உடைகிறது

ஆணியும் சுத்தியலும் எடுத்தாலே உடையும். டிரில் கையில் இருந்தாலும் பழக்கம் இல்லாவிட்டால் ஐந்தில் இரண்டு போகும். எனக்கு இதைக் கற்றுத்தந்தது ஒரு பாட்டி. இயந்திரம் எதுவும் வேண்டாம். கிளிஞ்சலின் முதுகில், இரண்டு ஓடும் சேர்கிற பக்கத்தில், ஒரு கூம்பு இருக்கும் அல்லவா? அந்தக் கூம்பைச் சொரசொரப்பான கல்லில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அம்மியின் அடிப்பக்கமோ பழைய சாணைக்கல்லோ போதும். இருபது முப்பது தேய்ப்பில் கூம்பு மழுங்கி, நடுவில் முதலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதுதான் துளை. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் நாலு தேய்ப்புத் தேய்க்கலாம் என்று ஆசைப்பட்டால் துளை அகன்று ஓரம் பிய்ந்துவிடும். தண்ணீர் விடுவது குளிர்ச்சிக்கு மட்டும் இல்லை. அந்தச் சுண்ணாம்புத் தூள் மூச்சில் போனால் நெஞ்சுக்கு ஆகாது.

திரை நடுராத்திரியில் அறுந்து விழுகிறது, ஓட்டில் துருக் கறை

முதல் திரையை நான் தையல் நூலில் கோர்த்தேன். இரவு ஒன்றரை மணிக்கு மொத்தமும் விழுந்து, திருடன் என்று அண்ணன் கம்போடு ஓடிவந்தான். ஓட்டின் விளிம்பு கத்தி மாதிரி, காற்றில் ஆட ஆட நூலை அரம்போல அறுத்துவிடும். இரண்டாவது தடவை இரும்புக் கம்பி போட்டேன். ஒரு மழைக்காலம் போனதும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம்.

மீன்பிடிக்கிற தங்கூசி, அதாவது நைலான் நரம்புதான் சரி. அதற்கு ஈரமும் உப்பும் ஒரு பொருட்டில்லை. வழுக்குகிற நூல் என்பதால் சாதாரண முடிச்சு மட்டும் நிற்காது. முடிச்சைப் போட்டு, எச்சிலோ தண்ணீரோ தொட்டு ஈரமாக்கி, நிதானமாக இறுக்குங்கள். நுனியைத் தன்மேலேயே நாலைந்து சுற்றுச் சுற்றி வளையத்துக்குள் நுழைத்து எடுப்பதைத் துறையில் யாரிடம் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் காட்டித்தருவார்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் கீழே தனி முடிச்சு போட்டுவிட்டால் ஒன்று அறுந்தாலும் மற்றது தங்கும்.

ஒட்டியது விழுகிறது

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல பசை எது என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் விழுந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பசை எந்தப் பக்கத்தில் தங்கியிருக்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும்.

பசை ஒரு பக்கத்தோடு முழுசாகப் போய், மறுபக்கம் பளபளவென்று துடைத்ததுபோல இருக்கிறதா? பளபளக்கிற பக்கம் பசையை ஏற்கவே இல்லை. எண்ணெயோ மழமழப்போதான் காரணம். சிரட்டை வேலையில் இது அடிக்கடி நடக்கும். தேய்த்து முடித்த ஆசையில் உடனே தேங்காயெண்ணெய் பூசி மினுக்குகிறோம், அப்புறம் ஒட்டப் போகிறோம். எப்படி ஒட்டும்? முதலில் ஒட்டு, பிறகு எண்ணெய். ஏற்கெனவே பூசிவிட்டால், ஒட்டும் இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள். தின்னர் வைத்திருக்கும்போது பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம்.

பசை வெள்ளையாக, பாலாடை மாதிரி மெத்தென்று இருக்கிறதா? பெவிகால் வகை வெள்ளைப் பசை தன்னிடமுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் காயும். காகிதம், துணி, மரம் என்றால் தண்ணீரை அவையே உறிஞ்சிக்கொள்ளும். சிப்பியோடு சிப்பி, சிப்பியோடு கண்ணாடி என்றால் தண்ணீர் போக வழியே இல்லை. வெளியோரம் காய்ந்து நடு ஈரமாகவே நிற்கும். காய்ந்த பிறகும் அடைமழைக் காற்றில் மறுபடி இளகும். இந்த இடத்துக்கு இரண்டு குழாயில் வருகிற எபாக்சிதான் ஏற்றது.

எபாக்சி போட்டும் பிசுபிசுப்பு போகவில்லையா? இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுக்கவில்லை, அல்லது சரியாகக் கலக்கவில்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஒன்றைக் கூடுதலாகப் பிழிகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அது ஒருநாளும் இறுகாது. கலவை ஒரே நிறமாகும்வரை ஈர்க்குக் குச்சியால் கலக்குங்கள். கையில் உறைபோல ஒரு கவரை மாட்டிக்கொள்வது நல்லது. ஒட்டி ஒரு முழு நாள் அசைக்காமல் வையுங்கள்.

பசை கண்ணாடிபோல நொறுங்கி இரண்டு பக்கமும் இருக்கிறதா? உடனே பிடிக்கிற துளிப்பசை போட்டிருப்பீர்கள். அதற்குத் தாங்குகிற பலம் உண்டு, அதிர்ச்சி தாங்காது. கதவு அடித்தால் போச்சு. சாவிக்கொத்து, கதவில் மாட்டும் பொம்மை இதற்கெல்லாம் அது வேண்டாம்.

கடைசியாக, பசையோடு சேர்ந்து பெயிண்டோ ஓட்டின் மேல்தோலோ உரிந்து வந்திருந்தால் பசைமேல் குற்றமே இல்லை. அடியில் இருந்ததுதான் தளர்வு. அதைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.

சிரட்டையில் விரிசல்

பச்சைச் சிரட்டையை அறுத்து, உடனே நல்ல வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முந்திச் சுருங்கும், உள்பக்கம் பிந்தும். இழுபறியில் பிளக்கும். நன்றாக முற்றிய தேங்காயின் சிரட்டையாகப் பார்த்து எடுத்து, நிழலில் இரண்டு வாரம், அப்புறம் வெயிலில் இரண்டு நாள். அறுக்க ஆக்சா பிளேடு போதும். வெட்டுக்கத்தியால் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, மெருகு போட்ட பிறகு எட்டிப்பார்க்கும்.

மேல்நாரை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினால் கத்தியைவிட வேகமாக வரும், கையுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். உப்புத்தாள் 80ஆம் எண்ணில் தொடங்கி 120, 220, 400 என்று போக வேண்டும். 80லிருந்து நேரே 400க்குத் தாவினால் கோடுகோடாகத் தெரியும், எவ்வளவு எண்ணெய் போட்டாலும் மறையாது. மெல்லிய விரிசல் என்றால் சிரட்டைத் தூளையே எபாக்சியில் குழைத்து அடைத்துத் தேய்த்துவிடலாம். அதே நிறம், ஆளுக்குத் தெரியாது.

ஓலை கறுக்கிறது, முடையும்போது முறிகிறது

கறுப்புப் புள்ளி என்றால் பூசணம். தொடக்கம் என்றால் உப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, வெயிலில் காயவைக்கலாம். நாருக்குள் இறங்கிவிட்டால் அந்த ஓலையை மாற்றுவது தவிர வழியில்லை. பனையோலைப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மழையில் சுவரே வியர்க்கும்.

முறிவது நேர்மாறான கோளாறு, அதிகம் காய்ந்துவிட்டது. ஈரத்துணியில் சுருட்டி அரை மணி நேரம் வைத்தால் வளைந்துகொடுக்கும். ஆனால் முடைந்து முடித்ததும் மறுபடி காயவைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நோய்க்கே திரும்புவீர்கள். நடுநரம்பை எடுத்துவிட்ட குருத்தோலையில் இந்தத் தொல்லை குறைவு.

பசையைப் பாச்சை தின்கிறது

மைதாப் பசைக்கு இது வழக்கம். காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டால் பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். குழந்தை வாயில் வைக்கிற பொம்மைக்கு வேண்டாம், காய்ச்சிய பாத்திரத்தை அடுக்களைக்குள் திரும்பக் கொண்டுவரவும் வேண்டாம். நான் இப்போது மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மாவுக்கு மாறிவிட்டேன். ஒரு பங்கு மாவை எட்டுப் பங்கு பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல ஆகும்வரை கிளற வேண்டும். சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகத்தான் வரும். மெல்லிசாகப் பூசி, முழுசாகக் காயவிட்டு, மேலே வார்னிஷ் ஒரு கை ஓட்டினால் பாச்சைக்கு வாய் எட்டாது.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கோணுகிறது

டிசம்பர் பிறந்தால் இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும், மதம் எல்லாம் பார்ப்பதில்லை. கடையில் வாங்கியது நேராக இருக்கும், பிள்ளைகள் கட்டியதில் ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை. கண்ணளவில் கட்டுவதுதான் காரணம். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே நீளத்தில் ஐந்து குச்சி எடுத்தால், ஒவ்வொன்றும் மற்ற இரண்டை வெட்டும் இடம் நுனியிலிருந்து குச்சி நீளத்தின் 0.382 பங்கு. 60 செண்டிமீட்டர் குச்சி என்றால் ஒரு நுனியிலிருந்து 23, மறு நுனியிலிருந்து 23. நடுவில் 14 மிஞ்சும். கட்டுவதற்கு முன்பே ஐந்து குச்சியிலும் பேனாவால் இந்த இரண்டு கோட்டையும் போட்டுவிடுங்கள். நுனிகளைத் தளர்வாகக் கட்டி, கோட்டுக்கு மேல் கோடு வருகிற மாதிரி நகர்த்தி, எல்லாம் பொருந்திய பிறகே இறுக்க வேண்டும். முதல் கட்டையே இறுக்கிவிட்டால் கடைசிக் கால் எப்போதும் கோணிக்கொள்ளும்.

இப்படி இரண்டு நட்சத்திரம் கட்டி, ஐந்து நுனிகளையும் சேர்த்துக் கட்டி, உள்வெட்டு ஐந்திலும் ஒரே அளவுக் குட்டைக் குச்சி கொடுத்து அகற்றினால் உப்பிய நட்சத்திரம் ரெடி. ஐந்தில் ஒன்று அரை செண்டிமீட்டர் குறைந்தாலும் ஒரு பக்கம் அமுங்கும். மூங்கிலோ கமுகைப் பிளந்த சிம்போ எதுவானாலும், ஐந்தும் ஒரே கனமாக இருக்கட்டும். கனத்த குச்சி பக்கமாகத்தான் அது தொங்கும்போது சாயும்.

தாள் தொய்கிறதா? தாளின்மேல் தண்ணீரை மெல்லத் தெளித்து, லேசான ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது தானே விறைக்கும். மழைக்காற்றில் மறுபடி தளராமல் இருக்க வார்னிஷ் பூசலாம், வெளிச்சமும் நன்றாக ஊடுருவும். முற்றத்தில், மழை அடிக்கிற இடம் என்றால் காகிதத்தோடு மல்லுக்கட்டாமல் கண்ணாடித்தாளுக்குப் போய்விடுங்கள்.

தாளில் பழுப்பு வட்டம் விழுந்தால் உள்ளே எரிகிற குண்டு பல்பை உடனே கழற்றுங்கள், சூட்டில் தாள் கருகத் தொடங்கிவிட்டது. 3 அல்லது 5 வாட் எல்இடி போதும். மழை பெய்ததும் விளக்கு அணைகிறதென்றால் தண்ணீர் வயர் வழியாக ஓடி ஹோல்டருக்குள் இறங்குகிறது. ஹோல்டருக்குப் போகும் முன் வயரை ஹோல்டரைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு மேலேற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், ஹோல்டர்வரை ஏறாது. ஒட்டுப்போட்ட வயரை வெளியே தொங்கவிடவே வேண்டாம். தொடுவதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள்.

மண்சட்டியில் பெயிண்ட் பொரிகிறது

உள்ளே செடிக்கு ஊற்றும் தண்ணீர் சட்டியின் சுவர் வழியாகக் கசிந்து பெயிண்டைத் தள்ளுகிறது. வெளியே எத்தனை கை பூசினாலும் பயனில்லை. உள்பக்கம் நீர்புகாப் பூச்சு அடிக்க வேண்டும், அல்லது செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து அதை இதற்குள் இறக்கிவிடலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், சோம்பேறித்தனம்.

அத்தப்பூ பறக்கிறது

ஓணத்துக்குத் தோவாளைப் பூ வாங்கிக் கோலம் போட்டால், ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பத்து மணிக்குள் கோலம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். முப்பந்தலில் காற்றாலை சுற்றவைக்கிற காற்று அது. தரையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு இதழை இடுங்கள். ஓரத்துக்குக் கனமான மஞ்சள் சாமந்தியை முழுப்பூவாகவே வரிசையாக அடுக்கினால் வேலிபோல நிற்கும். உதிர்த்த இதழ் உள்ளே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் குடிலில் புல் மஞ்சளாக, ஒல்லியாக வளர்கிறது

நெல் முளைவிட்ட தட்டை, பார்வைக்கு வேண்டாம் என்று கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பீர்கள். இருட்டில் வெளிச்சம் தேடி நீளும், நிறம் பிடிக்காது. நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் துணியில் கட்டி முளைவிட்டதும் விதைத்தால் எட்டுப் பத்து நாளில் குடிலுக்கு வேண்டிய உயரம் வந்துவிடும். ஆகவே டிசம்பர் 14, 15 தேதிக்கு முன் விதைக்க வேண்டியதில்லை. மறந்துபோனவர்களுக்குக் கடுகு இருக்கிறது, 20ஆம் தேதி தூவினாலும் ஏமாற்றாது. ஏற்கெனவே மஞ்சளானதைத் தூக்கிப் போட வேண்டாம். திண்ணையில் இளவெயில் படுகிற இடத்தில் இரண்டு நாள் வையுங்கள், பச்சை பிடித்துவிடும். 24 மாலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். கோழிக்கு எட்டாத உயரமாகப் பார்த்து வையுங்கள்.